இடது காதுக்கு வருமுன்

ஹாஜி வான் லத்திஃப் வீட்டில் ஏழாம் நாள் அகீகா விருந்து. பேரனுக்கு முடியிறக்கிப் பெயர் வைத்து, இரண்டு ஆடு அறுத்திருந்தார்கள். பிரசவம் பார்த்தவள் என்பதால் எனக்கு நடுக்கூடத்தில் இடம். பிள்ளையின் உச்சி முடியை நான்தான் முதலில் கத்தரித்து இளநீர்க் காய்க்குள் போட்டேன். அந்தக் கிளந்தான் கரையோர மலாய்க் கிராமத்தில் எல்லாருக்கும் நான் மாக் தே; முப்பது வருடமாக என் கையில் பிறக்காத பிள்ளை குறைவு.

கறித்தட்டு என் முன்னால் வந்தபோது ஜுசோ வாசலில் வந்து நின்றான். ஆற்றோரக் கடைசி வீட்டு மீனவன், ரொகாயாவின் புருஷன்.

"மாக் தே, ரொகாயாவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு. சீக்கிரம் வாங்க."

"தலைப்பிள்ளைடா. அசர் தொழுகை நேரம் தாண்டிடும். மேல ஏறி வந்து ஒரு வாய் சாப்பிடு."

"பசிக்கல மாக் தே."

"வலி அவளுக்கு, பசி உனக்குப் போயிருச்சா? பெத்துக்கப் போறது நீயா, அவளா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் மரியாதைக்குச் சிரித்தான். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. படிக்குக் கீழே மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கறியை முடித்தேன். இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன். தேநீரும் குடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தலை வெளியே தெரிந்தது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. எடுத்ததும் பிள்ளை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தான். முதுகைத் தேய்த்தேன், பாதத்தில் தட்டினேன், வாயில் ஊதினேன். சத்தமில்லை. அதற்குள் ரொகாயாவுக்கு உதிரம் பெருக ஆரம்பித்தது. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்திவிட்டு அவள் வயிற்றை இரு கையாலும் அழுத்தினேன்.

பலகைச் சுவருக்கு வெளியே காத்திருந்த ஜுசோவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் உள்ளே வந்தான். பிள்ளையை எடுத்து, தொழும் திசையான கிப்லா பக்கம் திரும்பி, வலது காதில் பாங்கு சொல்ல ஆரம்பித்தான். பிறந்த பிள்ளை காதில் தொழுகைக்கான அழைப்பைச் சொல்வது தகப்பன் செய்ய வேண்டிய முதல் கடமை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

நான் பார்த்தேன். துணி ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. உதடு பிரிந்தது. பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம். பாங்கு முடியும் முன் நெஞ்சு இன்னொரு முறை உயர்ந்தது. அவன் பிள்ளையைத் திருப்பி இடது காதில், பாங்குக்கு அடுத்துச் சொல்லும் இகாமத்தைச் சொல்லத் தொடங்கியபோது எல்லாம் அடங்கிவிட்டது.

அழைத்தவுடன் வந்திருந்தால் கொடியை நேரத்தோடு விலக்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு இமாம் சாலே வந்தார்.

"பிள்ளை அழுதானா மாக் தே? அசைஞ்சானா? மூச்சு ஏதாச்சும்?"

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். உயிரின் அடையாளம் காட்டிய பிள்ளைக்கு, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை உண்டு. செத்தே பிறந்ததற்குத் தொழுகை இல்லை; குளிப்பாட்டி, துணி சுற்றிப் புதைப்பதோடு சரி. செத்தே பிறந்தது என்றால் அது அல்லாஹ்வின் நாட்டம், யாரும் யாரையும் கேட்க முடியாது. மூச்சு விட்டுச் செத்தது என்றால், விருந்து வீட்டில் நான் எத்தனை தட்டு சாப்பிட்டேன் என்று ஊர் பேசும்.

"இல்ல. செத்துதான் பொறந்தான்."

"எனக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு," என்றாள் ரொகாயா பாயில் கிடந்தபடி.

"நீ மயக்கத்துல இருந்தே புள்ள. பேசாம படு."

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்கு இமாமும் ஏழெட்டு ஆண்களும் வந்து முற்றத்தில் நின்றார்கள். ஒருவன் மற்றவனிடம், "செத்த மையித்துக்கே பாங்கு சொல்லியிருக்கான் பாரு. அடுத்து மீனுக்கும் சொல்லுவான்," என்றான். சன்னமாகத்தான் சொன்னான். எல்லார் காதிலும் விழுந்தது.

ஜுசோ வெள்ளைத் துணிப் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு படியிறங்கினான். என் எதிரே நின்றான்.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும் மாக் தே. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நான் சொன்னது அவனுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.

"வலது காதுல சொல்றப்ப மூச்சு இருந்துச்சு. ரெண்டு மூச்சு. இடது காதுக்கு நீ வரும்போது போயிட்டான்."

இமாம் குடையை மடக்கினார். "நேத்து நான் கேட்டேனே மாக் தே."

அவர் என்னை அதற்கு மேல் பார்க்கவில்லை.

"ஈரமில்லாத பாயா விரிங்க," என்றார். "தொழணும். பேர் என்ன வச்சிருக்கே?"

"ஹம்தான்."

சிரித்தவன் உட்பட எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான்கு தக்பீரில் தொழுகை முடிந்தது. உள்ளே ரொகாயா கத்தி அழுதாள். நேற்றிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

என்னை யாரும் திட்டவில்லை. அந்த வாரம் பக்கத்துக் கிராமத்து மருத்துவச்சியைத் தேடி இரண்டு வீட்டார் ஆறு தாண்டிப் போனார்கள். அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பகலில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஜுசோ. கையில் துணி மூடிய தட்டு.

"ஹம்தானோட அகீகா. ஒரு ஆடுதான் முடிஞ்சுது."

இறந்துபோன பிள்ளைக்கு அகீகா கொடுக்கச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. என்றாலும் அறுத்திருக்கிறான். துணியை எடுத்தேன். கறியிலும் சோற்றிலும் ஆவி பறந்தது.

"உள்ள வந்து உட்காருப்பா."

"இல்ல மாக் தே." அவன் படிக்குக் கீழே போய் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்க சாப்பிட்டு முடிங்க. நான் நிக்கிறேன்."

குரலில் கோபம் இல்லை. நான் முதல் கவளத்தை எடுத்தேன். தட்டு காலியாகும் வரை அவன் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றிருந்தான்.