இரண்டு இடது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டின் பின்பக்கம் முழுக்க மரத்தூள். பழைய கதவு ஒன்றை இரண்டு பெட்டிகள்மேல் படுக்கப் போட்டு, அதையே பட்டறை மேசையாக்கியிருந்தார்கள். டிரில்லக்காவின் நாத்தனார் கைவாளால் ஸ்டூலுக்கான கால்களை அறுத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பையன் தூசி, அவற்றை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினான். டிரில்லக்கா ஒவ்வொரு காலாக வாங்கி, பென்சில் குறி பார்த்து, ஓட்டை போட்டாள்.

மூன்று பேருக்கும் ஒரே நாற்காலிக் கம்பெனியில்தான் வேலை. தூசிக்கு அந்தப் பெயர் வந்தது உப்புத்தாள் மிஷினால். அவளுக்கு டிரில்லக்கா என்ற பெயர் வந்தது பதினோரு வருடமாக டிரில்லிங் மிஷினை விட்டு நகராததால். அங்கே நாற்காலியைச் சேர்த்துப் பூட்டுகிற வேலை கிடையாது. துண்டு துண்டாக அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள், வாங்குகிறவர் வீட்டில் பூட்டிக்கொள்வார். ஆக, தினம் அறுநூறு நாற்காலி செய்கிற கம்பெனியில் இருந்துகொண்டு, முழுசாக ஒரு நாற்காலியை மூவரும் செய்ததே இல்லை.

செய்தாக வேண்டிய கட்டாயம் டிரில்லக்காவின் காலால் வந்தது. நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்டு, சாயங்காலமானால் செருப்பில் பாதம் நுழையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.

"கம்பெனி ஸ்டூல் தராதும்மா," என்றார் அவர். "நீயே கொண்டு வந்தா உட்காரு, நான் கண்டுக்கலை. திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைப் போட்டுருவேன்."

கடையில் விற்கிற ஸ்டூலில் உட்கார்ந்தால் மிஷின் மேசை அவள் தாடைக்கு வரும். அதனால்தான் இந்த உயரமான ஸ்டூல். அளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், காலையிலிருந்து அவளுக்கு ஒரே குஷி, வாயில் பாட்டு. தான் ஓட்டை போட்ட கட்டை அடுத்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அண்ணி, பாட்டெல்லாம் பலமா இருக்கு," என்றாள் நாத்தனார்.

"வாயை மூடிட்டு அறு. உங்க அண்ணன் காதுல விழுந்தா ஊரைக் கூட்டிருவார்."

அண்ணன் பஸ் கண்டக்டர். மரவேலையில் ஆனா ஆவன்னா தெரியாது. டீ போட்டுக் கொடுப்பதும் யோசனை சொல்வதும்தான் அன்றைக்கு அவர் பங்கு. மதியத்துக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்கால், பின்கால் என்று இரண்டிரண்டாக இணைத்து, பசை போட்டு இறுக்கிக் காயவைத்தார்கள். இனி இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தி, முன்னால் ஒரு கம்பு, பின்னால் ஒரு கம்பு செருகினால் முடிந்தது. முன்கம்பு கால் வைத்துக்கொள்வதற்கு, அதனால் தாழ்வாக. பின்கம்பு உயரமாக.

டம்ளர்களோடு வந்த கண்டக்டர் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தப் பக்கம் ஓட்டை உள்ளே பார்க்குது. அந்தப் பக்கம் வெளியே பார்க்குது. வெளியே இருக்கறதுல என்ன செருகப் போறீங்க, துணி காயப்போடவா?"

தூசி அதைத் திருப்பி வைத்தான். ஓட்டை உள்ளே வந்தது, ஆனால் முன்கால் பின்னால் போய்விட்டது. தாழ்வாக இருக்க வேண்டிய இடத்தில் உயரம், உயரமாக இருக்க வேண்டிய இடத்தில் தாழ்வு. தூசி டிரில்லக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, கம்பெனில நீங்க போடறது எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்," என்றாள் டிரில்லக்கா. "பதினோரு வருஷமா இடதுதான். வலது அடுத்த வரிசைல போடுவாங்க." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை தன் பாட்டுக்கு இரண்டையும் இடதாகவே செய்து வைத்திருந்தது.

முதலில் சிரித்தது நாத்தனார். அப்புறம் நான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது மணி நாலு. பசை காய்ந்து கல்லாகியிருந்தது. மரமும் மீதியில்லை, இரண்டு கம்புகளுக்கு மட்டும்தான் இருந்தது. நாளைக்குக் காலையில் வெறுங்கையோடு போய் நின்றால் டிரில்லக்காவின் இடத்தில் வேறு ஆள்.

"அந்த ஓட்டையை அடைச்சிரலாமா?" என்றான் தூசி.

அவள் அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பாதி ஆழம். மறுபாதிதான் உள்பக்கம்.

"எதுக்கு அடைக்கணும்? எனக்கு அடைக்கத் தெரியாது, ஓட்டை போடத்தான் தெரியும். மறுபக்கம் வரைக்கும் துளைச்சிடறேன். கம்பு உள்ளே புகுந்து வெளியே எட்டிப் பார்க்கட்டும்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ ரெண்டு கம்பை நீளமா வெட்டி, நுனியைப் பிளந்து குடு. அதுல ஆப்பு அடிச்சா அசையாது."

"இவ்வளவு நாள் கம்பெனிக்காரங்க நமக்கு வெச்சாங்க," என்றாள் நாத்தனார், வாளை எடுத்துக்கொண்டே. "இன்னைக்கு நாம அடிப்போம்."

மரம் பிளக்காமல் இருக்க, பின்னால் ஒரு பலகையை அண்டக் கொடுத்து மெல்லத் துளைத்தாள். கம்பு அச்சாகப் பொருந்தியது. ஆப்பை அடிக்க அடிக்க சத்தம் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. இருட்டுவதற்குள் உட்காரும் பலகையைப் பொருத்தி, கண்டக்டரை ஏற்றி உட்கார வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். எண்பது கிலோவுக்கு இம்மி அசையவில்லை.

"என் பஸ்ல கூட இப்படி ஒரு சீட்டு இல்லை," என்றார் அவர், இறங்க மனமில்லாமல்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஸ்டூலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தன் வழியில் போனார். டிரில்லக்கா உட்கார்ந்து வேலை செய்தாள். கால் வலிக்காததை நம்ப முடியாமல் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு இடைவேளை மணி அடித்தது. பேக்கிங்கில் வேலை செய்கிற ஒருத்தி, வாயும் வயிறுமாக இருப்பவள், கூச்சத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, நான் கொஞ்சம் உட்காரட்டுமா?"

அவள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வார்னிஷ்காரர், அப்புறம் தூசி. லாரி ஏறக் காத்திருந்த அறுநூறு நாற்காலிப் பெட்டிகளை ஒட்டி வரிசை வளர்ந்துகொண்டே போனது.

டிரில்லக்கா தலைகளை எண்ணினாள். இருபத்தேழு பேர். இடைவேளை பத்து நிமிடம்.

"ஆளுக்கு இருபது எண்ணுவோம்," என்றாள். "எல்லாருக்கும் வரும்."

இருபத்தேழு பேரும் சிரித்துக்கொண்டே, சேர்ந்து, சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள்.