எண்பத்து மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு

எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து போர் போடும் பட்டறைக்காரரை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டு அதில் ஒரு கூறு கூடினாலும் குறைந்தாலும் முகம் சுளிக்கிற மனிதர். வாய்ச்சொல்லை அவர் நம்பியதே கிடையாது. "எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடுதுங்க" என்று யாராவது வந்து சொன்னால், "அப்போ இங்க எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். சாதத்தில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால்கூட அளவு பார்க்கிற கேஜை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பட்டறையின் முன்பக்கம் அவன் பொறுப்பு. பேசுவது அவன் வேலை, அளப்பது இவர் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நீள மூக்கு வைத்த பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். இறங்கியதும் முதல் வேலையாக, வண்டி நின்ற இடம் சமதளமா என்று குனிந்து பார்த்தார்.

"தண்ணி ஹோஸ் வெடிச்சிடுச்சு தம்பி. சூடு காட்டுற முள்ளு ஏறினதைப் பார்த்த உடனே ஆஃப் பண்ணிட்டேன். இருந்தாலும் ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்."

"ஹோஸ் ரொம்பப் பழசா சிஸ்டர்?" என்றான் மச்சான்.

"வண்டியிலேயே புதுசு அதுதான். மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலை."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மீட்டரை எட்டிப் பார்த்தான். நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். அவன் நெற்றி சுருங்கியது. "சிஸ்டர், மனசுல பட்டதைச் சொல்றேன். இதைத் திறந்தா பூதம்தான் கிளம்பும். நாலு சிலிண்டர்ல நல்ல எஞ்சின் ஒண்ணு இருக்கு. இதுக்குப் பதிலா அதைத் தூக்கி வெச்சுடலாம்."

"திறங்க," என்றார் நர்ஸ். "எது கெட்டிருக்கோ அதை மட்டும் மாத்துங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

வாடிக்கையாளர் கூடவே உட்கார்ந்தால் மைக்ரானுக்கு ஆகாது. அன்றைக்கு என்னவோ ஸ்டூலைக் காலால் நர்ஸ் பக்கம் நகர்த்திவைத்தார்.

ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற எஞ்சின் அது. இரண்டாயிரத்து நானூறு சி.சி. அடிப்பக்கம் கனத்த இரும்பு, மேலே அலுமினிய ஹெட். கிராங்க் என்கிற சுழல்தண்டை ஏழு இடத்தில் பேரிங் வைத்துத் தாங்கியிருந்தான் செய்தவன். அந்தக் காலத்தில் பலர் நாலோடு நிறுத்திக்கொண்ட விஷயம். இதெல்லாம் மைக்ரானுக்குத் தெரியாததில்லை. ஆனால் நல்லபடியாகச் செய்த எஞ்சினை நாசமாக்குவதற்கு மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்த நாசத்தைத்தான் அவர் கடைந்து சரிசெய்துகொண்டிருந்தார்.

மதியத்துக்குள் ஹெட் கழன்றது. ஹெட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் மூன்றாவது சிலிண்டர் பக்கம் அரித்துப்போயிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். துணியால் சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து விளக்கைக் கிட்டே பிடித்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

தொழிற்சாலையில் சிலிண்டரைக் கடைந்து முடித்ததும், எண்ணெய் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுவார்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடினாலே பல எஞ்சின்களில் அவை தேய்ந்து, சுவர் கண்ணாடியாக வழுக்கும். இங்கே அந்தக் கோடுகள் அத்தனையும் இருந்தன. நேற்று இழுத்த கோலம்போல.

மைக்ரான் போர் கேஜை எடுத்து உள்ளே விட்டார். புதிதாக இருந்தபோது எண்பத்து மூன்று மில்லிமீட்டர். முள் காட்டியது எண்பத்து மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு.

"கேஜ் கெட்டுப்போச்சு," என்றார்.

அளவு துல்லியமாகத் தெரிந்த உரை வளையத்தில் வைத்துக் கேஜைச் சரிபார்த்தார். கேஜ் சரியாகத்தான் இருந்தது. மறுபடி அளந்தார். திசை மாற்றி அளந்தார். பிறகு அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த இன்னொரு கேஜை எடுத்துவந்து ஆறு சிலிண்டரையும் ஒவ்வொன்றாக அளந்தார். பூஜ்யம் இரண்டு, பூஜ்யம் இரண்டு, பூஜ்யம் ஒன்றரை. நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒரு தலைமுடிக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேயவில்லை. பிறகு மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார். அதை மச்சான் பார்த்துவிட்டான்.

"என்ன அத்தான், உடம்பு சரியில்லையா?"

"நீ கொஞ்சம் சும்மா இரு." திரும்பி நர்ஸைப் பார்த்தார். "இதை யார் பாத்துக்கிட்டாங்க சிஸ்டர்?"

"யாரு பாப்பா? வாங்கின நாள்லேருந்து முப்பத்தெட்டு வருஷமா நான்தான்."

"என்ன பண்ணீங்க?"

"வண்டியோட குடுத்த புத்தகத்துல போட்டிருந்ததைப் பண்ணேன்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "அஞ்சாயிரத்துக்கு ஒருதடவை ஆயில், ஃபில்டர். பத்தாயிரத்துக்கு ஒருதடவை வால்வு இடைவெளி. எஞ்சின் சூட்டோட இருக்கும்போதே பாக்கணும். காத்து உள்ளே வர்ற வால்வுக்குக் கால் மில்லிமீட்டர், புகை போறதுக்குப் புள்ளி மூணு. கை சுடும். சுட்டாத்தான் சரியான அளவு வரும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை ரேடியேட்டர் தண்ணி. அப்புறம், காலையில ஸ்டார்ட் பண்ணா மூணு நிமிஷம் மெதுவா ஓடவிட்டுத்தான் கிளம்புவேன். முள்ளு பாதிக்கு வர்ற வரைக்கும் மிதிக்க மாட்டேன்."

"பிரசவத்துக்குப் போறப்போகூடவா?"

"அந்த மூணு நிமிஷத்துல பையில எல்லாம் இருக்கான்னு ஒருதடவை பாத்துக்குவேன். கத்தரிக்கோல், நூல், ஊசி மருந்து. அப்படிப் பார்த்ததுல எத்தனையோ தடவை விட்டுப்போனது அகப்பட்டிருக்கு."

மைக்ரான் கேஜைத் துடைத்துத் துணியில் சுற்றினார். இந்தப் புத்தகத்தை அவர் எத்தனை கார்களில் பார்த்திருக்கிறார்! உறை பிரிக்காமல், எலி கடித்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து. அதில் எழுதியதை எழுதியபடியே முப்பத்தெட்டு வருஷம் செய்த ஆள் ஒருத்தர் ஸ்டூலில் உட்கார்ந்து கால்வலிக்கு முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி விளக்கை எடுத்தபோதுதான் நாலாவது சிலிண்டரில் அது கண்ணில் பட்டது. மேலிருந்து கீழாக ஒரே ஒரு கீறல். நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுப்பட்டது. அழுத்தத்தைக் கெடுக்கிற அளவுக்கு இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது யாராவது முழுக்க மிதித்தால் பிஸ்டன் சுவரை உரசிவிடும். அந்த ஜாதிக் கீறல்.

"சிஸ்டர், ஒருநாள் இதைச் சூடாகாமலே விரட்டியிருக்கீங்க."

நர்ஸ் நிமிர்ந்தார். எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தெரியுதா அது?"

"தெரியுது."

"என் தங்கச்சி," என்றார். "பத்தொன்பது வருஷம் இருக்கும். நல்ல குளிர்காலம், விடிஞ்சும் விடியாம ஃபோன் வந்துச்சு. நிறைமாசக்காரி, ரத்தம் நிக்கலைன்னாங்க. கண்ணாடியில பனி அப்பிக் கிடந்தது. சாவியைத் திருப்பினேன், மிதிச்சேன். பையைக்கூடப் பாக்கலை. ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்க்குற வரைக்கும் மிதிச்ச காலை எடுக்கலை."

மச்சான் கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். "அப்புறம்?"

"பிழைச்சாங்க. ரெண்டு பேரும். பொண்ணு இப்போ காலேஜ்ல படிக்குது." இரும்பின் விளிம்பில் விரல் வைத்தார். "அன்னைக்கு இது ஒரு சத்தம் போடலை தம்பி. மறுநாள் வால்வு பார்த்தேன், ஆயில் மாத்தினேன், ஒண்ணுமே ஆகலைன்னு நெனச்சேன். உள்ள வாங்கி வெச்சுக்கிட்டிருந்திருக்கு."

வெளியே யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேணும்னா லேசா ஹோன் பண்ணி, கல்லால தேய்ச்சு எடுத்துடலாம்," என்றார் மைக்ரான். சொல்லும்போதே அவருக்கு மனசு வரவில்லை. "ஆனா தேவையில்லை. மத்த கோடெல்லாம் போயிடும்."

"தேவையில்லைன்னா விட்டுடுங்க."

ஹெட் எட்டு மைக்ரான் வளைந்திருந்தது. விடலாம், ஆனாலும் அவர் விடவில்லை. மிஷினில் ஏற்றி மயிரிழை சீவினார். அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்த்தார். வண்டியை உடனே நிறுத்தியதால் கலங்கிய ஆயில் ஒன்றையும் அரிக்கவில்லை. புது கேஸ்கெட், புது ஹோஸ். ஹோஸை மச்சான் கொண்டுவந்தபோது இரண்டு முறை வளைத்து, முகர்ந்து பார்த்து, "வேற கடையில வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் முறுக்கினார். வேலை வியாழக்கிழமை மதியம் முடிந்தது. வழக்கமாக ஒருநாள் வேலை. ஏன் இத்தனை நேரம் என்று மச்சான் கேட்கவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு நர்ஸே ஓட்டினார். மைக்ரான் பக்கத்தில். ஊருக்கு வெளியே மலைமேல் ஏறுகிற சாலை. பாதி ஏற்றத்தில், மூன்றாவது கியரிலேயே, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி முனகாமல் ஏறியது. மைக்ரான் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தார். அதிர்வே இல்லை. முன்னாலிருக்கும் பிஸ்டனும் பின்னாலிருக்கும் பிஸ்டனும் ஜோடி ஜோடியாக ஒன்றின் ஆட்டத்தை ஒன்று தாங்கிக்கொள்வதால் ஆறு சிலிண்டர் ஆடாது என்று அவர் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். கைக்கடியில் இப்படி உணர்ந்தது இதுதான் முதல்முறை.

"சிஸ்டர், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. ஆஃப் பண்ணாதீங்க."

"ஏன் தம்பி, ஏதாவது சத்தமா?"

"இல்ல. ஒருதடவை பாக்கணும்."

இறங்கி பானெட்டைத் தூக்கினார். நர்ஸும் வந்து நின்றார். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. உள்ளே ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நாலு என்ற வரிசையில் சிலிண்டர்களில் பெட்ரோல் வெடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு குழாயின் நுனிகூட நடுங்கவில்லை. மைக்ரான் கையைக் கட்டிக்கொண்டார்.

எதிரே இறங்கிவந்த லாரி ஒன்று வேகம் குறைந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அண்ணே, வண்டி நின்னுபோச்சா?"

"இல்லைங்க. ஓடுது."

"அப்புறம் எதுக்கு பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஓடுறதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

டிரைவர் ஒரு நிமிஷம் இவர்களையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு லாரியை அணைத்துவிட்டு, இறங்கி, சாலையைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.