அரசர்கள் தூக்கிய பெட்டி

நாடகம் நான்கு மணிக்கு. டெனிஸ்டன் இரண்டு மணிக்கே கனடாவின் ஸ்காபரோக் கத்தோலிக்கக் கோவிலுக்கு வந்துவிட்டான். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ஆயர் ஹியூவின் கதையை நூலகத்தில் படித்து நாடகமாக எழுதியவன் அவன்தான். ஆயராக நடிப்பவனும் அவனே. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த ஆயர், பேராலயம் கட்டக் கொத்தனோடு கொத்தனாகக் கல் சுமந்தவர். அரசனின் விருந்து ஆறிப்போனாலும், இறந்த ஏழை ஒருவரை அடக்கம் செய்யாமல் அப்பால் போகாதவர். அவர் இறந்தபோது அரசர்களே பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள் என்பார்கள். கடைசிக் காட்சி அதுதான்.

ஆயர் தலையில் அணியும் அட்டை முடியை எடுக்க உள்ளே போனவன் நின்றுவிட்டான். பீடத்தின் முன் ஒரு பிரேதப் பெட்டி. முதல் வரிசை வாங்கில் பேர்ணடெற் அன்ரி தனியே இருந்தார்.

"ஆர் அன்ரி?"

"என்ர பக்கத்து வீட்டு அமிர்தநாதர். பூசையும் முடிஞ்சுது. ஒருத்தரும் வரேல்லை."

"அவரின்ர ஊர் மன்னார் ஆக்கள் எங்க?"

"மனுசன் நெடுந்தீவில கலியாணம் கட்டினது. தீவார் பாப்பினம் எண்டு மன்னார் ஆக்கள் இருந்திட்டினம். தீவார், அவர் மன்னார்தானே எண்டு விட்டிட்டினம். ரெண்டு ஊர்ச் சங்கமும் மலர்வளையம் மட்டும் ஒழுங்கா அனுப்பியிருக்கு." அவர் கண்ணைத் துடைத்தார். "இந்தக் கோவில்ல எத்தினை பெட்டிக்குத் தோள் குடுத்த மனுசன். இப்ப அவரை வண்டில்ல வச்சு உருட்டப் போறாங்கள், தம்பி."

அடக்கம் செய்யும் சேமக்காலை தொலைவில், ஒஷாவாப் பக்கம். போனால் நாலு மணிக்குத் திரும்ப முடியாது. ஆறு மாத ஒத்திகை வீணாகும். டெனிஸ்டன் கையிலிருந்த அட்டை முடியைப் பார்த்தான். பிறகு பக்கத்து மண்டபத்தில் வேஷம் கட்டிக்கொண்டிருந்த தியாகலிங்கத்துக்கு ஃபோன் எடுத்தான். அவர்தான் அரசன்.

"அண்ணை, பெட்டி தூக்க அஞ்சு பேர் வேணும்."

"அது கடைசி சீனெல்லோ?"

"நாடகத்துக்கு இல்லை அண்ணை." விஷயத்தைச் சொன்னான்.

"விசரே உனக்கு? முந்நூறு சனம் வரப்போகுது. நீ ஆயரா நடிக்க வந்தனியோ, ஆயராவே வந்திட்டியோ?"

"அரசன் காத்திருக்கட்டும் எண்ட வசனத்தை வெட்டவேண்டாம் எண்டு சொன்னது நீங்கள்தான்."

தியாகலிங்கம் வீரர்களைக் கூப்பிடுவது ஃபோனில் கேட்டது.

"ஒட்டின மீசையைக் கழட்டேலாது," என்றார் தியாகலிங்கம். "பரவாயில்லையோ?"

சிவப்பு அங்கியோடு அரசனும், வெள்ளித்தாள் கவசத்தோடு நான்கு வீரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். பேர்ணடெற் அன்ரி சிரிக்கவில்லை. ஒத்திகையில் தூக்கிய வெறும் பலகைப் பெட்டிக்குக் கனமில்லை. டெனிஸ்டனும் தோள் கொடுத்தான்; இது ஆறு பேரின் தோளையும் அழுத்தியது. ஒஷாவாவில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் கால் வழுக்க, ஒருவர் அடியை ஒருவர் பார்த்து நடந்தார்கள்.

ஐந்தரைக்குத் திரை விலகியது. தாமதத்தின் காரணத்தை அறிவித்தபோது, முன்வரிசையிலிருந்த இரண்டு சங்கத் தலைவர்களும் நிலத்தைப் பார்த்தார்கள்.

கடைசிக் காட்சியில் டெனிஸ்டன் பலகைப் பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தான். பெட்டி எழுந்தது. ஒத்திகைகளில் அது எப்போதும் ஒரு பக்கம் சரியும், தியாகலிங்கம் முணுமுணுப்பார். இன்று சரியவில்லை, ஒருவரும் பேசவில்லை. ஈரச் சப்பாத்துகள் மேடையில் மெதுவாக, ஒரே அடியாக நடப்பது மட்டும் அவனுக்குக் கேட்டது.