ஒன்பது பேர், ஒன்பது கார்

செம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே இருக்கும் அந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் ரமா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே போகும் கார்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குன்னு தெர்ல மேடம், ஏழு மணிலேர்ந்து எண்ணிகினு கீறாங்க" என்றார் காவலாளி கோதண்டம், அங்கே குடியிருக்கும் ஜெரூஷாவின் காருக்குக் கேட்டைத் திறந்துகொண்டே.

காரணம் மாலையில் வாட்ஸப் குழுவில் வந்தது. அன்று வெளியே போன கார்கள் முப்பத்தாறு. அதில் முப்பத்தொன்றில் ஓட்டுபவரைத் தவிர யாரும் இல்லை. அவர்களில் ஒன்பது பேர் போன இடம் ஒன்றே, சிறுசேரி ஐ.டி. பூங்கா. 'வெள்ளம் வந்தப்ப கிளைமேட் மாறிடுச்சுன்னு எல்லாரும் பேசினோம். நாம விடற புகையைப் பத்தி யாரும் பேசல. மூணு மூணு பேரா ஒரு கார்ல போனா என்ன?' என்று எழுதியிருந்தார் ரமா.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஜெரூஷா உடனே கட்டை விரலை உயர்த்தினாள். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊர்ந்து ஊர்ந்து தினமும் ஒன்றே கால் மணி நேரம் தனியாக ஓட்டுவது அவளுக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியபோது யார் யார் ஒரே காரில் என்ற பட்டியல் வந்திருந்தது. அவள் குழுவில் மூன்றாம் மாடி ஸ்டெபின். கூடவே இரண்டாம் மாடி அருண்ராஜ்.

அருண்ராஜோடு அவள் பேசி இரண்டு வருடமாகிறது. லிஃப்டில் சேர்ந்து ஏறினால் இருவரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த டிசம்பர் மழையில் ஏரி நிரம்பித் தரைக்குக் கீழே இருந்த பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியபோது, ஜெரூஷா தன் காரைச் சரிவுப் பாதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மேலே போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் பின்னால் இன்னொரு கார் ஏறி நிற்க இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் காரின் முன்சக்கரங்கள் தெருத் தண்ணீரில் இருந்திருக்கும். அருண்ராஜ் நான்கு முறை போன் செய்தான்; அவள் எடுக்கவில்லை. கீழே மாட்டிக்கொண்ட அவன் கார் கூரைவரை மூழ்கியது. 'சிலருக்குத் தன் கார் மட்டும்தான் முக்கியம்' என்று வாட்ஸப் குழுவில் எழுதினான். போனில் சார்ஜ் இல்லை என்று அவள் பதில் போட்டாள். தெரியாமல் பேசுபவர்களுக்கு நாக்கு நீளம் என்றும் சேர்த்தாள்.

வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தாள். ரமா அந்தப் பழைய கதையைக் கிளறுவார். பேசாமல் இருந்துவிட்டாள்.

வாரத்துக்கு ஒருவர் கார் என்று ஏற்பாடு. முதல் இரண்டு வாரம் நேரத்தையும் ஏசியையும் தவிர வேறு பேச்சு இல்லை. தன் முறை இல்லாதபோது ஸ்டெபின் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்கினான். மூன்றாம் வாரம் ஜெரூஷாவின் முறை. புதன்கிழமை காலை மழை. சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் அசையவில்லை. ஸ்டெபின் விழித்துக்கொண்டு, "நீங்க ஏன்ணா இதுல சேந்தீங்க? உங்களுக்கு கார் ஓட்டறதுன்னா உயிராச்சே" என்று கேட்டான்.

"எங்க அப்பா அம்மா கோவளத்துல இருக்காங்க, மீன்பிடிக்கிற குடும்பம்" என்றான் அருண்ராஜ். "எங்க வூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ரெண்டு வரிசை வூடு இருந்துச்சு. இப்ப எங்க வூடுதான் முதல் வரிசை. பக்கத்துல கடலுக்குள்ள கல்லு கொட்னதாலயா, உலகம் சூடாவறதாலயா, எனக்குத் தெரியாது. ஆனா இவ்ளோ பெரிய வண்டில ஒத்த ஆளா போயி அங்க இறங்கி நின்னா, அப்பா மூஞ்சப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

பிறகு அவன் ஜெரூஷாவின் பக்கம் திரும்பினான்.

"மேடம், ரொம்ப நாளா சொல்லணும்னு. அன்னிக்கு நான் குரூப்ல அப்படி எழுதியிருக்கக் கூடாது. போன்ல சார்ஜ் இல்லன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. சாரி."

ஜெரூஷா தலையை ஆட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். சிக்னலில் பச்சை விழுந்து, கார் பத்தடி நகர்ந்து மறுபடி நின்றது.

"சார்ஜ் இருந்துச்சு" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க பேரைப் பார்த்தேன். நாலு தடவையும் பார்த்தேன். காரை முன்னாடி எடுக்கச் சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் எடுக்கல."

சிறுசேரியில் அருண்ராஜ் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். மாலையில் அவன் வரவில்லை. 'பஸ்ல வந்துக்கறேன்' என்று ஸ்டெபினுக்குச் செய்தி வந்தது. வியாழனும் வெள்ளியும் அதேபோல.

அடுத்த திங்கள் அருண்ராஜின் முறை. இனி அவன் வரமாட்டான் என்று நினைத்து ஜெரூஷா தன் கார்ச் சாவியோடுதான் இறங்கினாள். அவன் கார் கேட்டருகே இஞ்சின் அணைத்து நின்றிருந்தது. பின்சீட்டில் ஸ்டெபின்.

"ஏறுங்க மேடம், லேட்டாவுது."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல" என்றான் அவன். "அதுக்காக ரெண்டு வண்டி எடுக்கணுமா?"

அவள் ஏறிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். அவன் "ம்" என்று மட்டும் சொன்னான். சோழிங்கநல்லூர் தாண்டி நாவலூர் அருகே, அவள் ஆபீஸ் கேன்டீன் எப்படி என்று கேட்டான்.

கோபம் ஒரே நாளில் போகவில்லை. சில நாள் நன்றாகப் பேசுவான், சில நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஜெரூஷா அதைத் தனக்கு உரியதாக ஏற்றுக்கொண்டாள். மற்ற இரண்டு குழுக்களில் ஒன்று, கிளம்பும் நேரத்தில் தகராறாகிக் கலைந்தது. இன்னொன்று நிலைத்தது. ஜூன் மாதம் எதிர் அடுக்ககத்திலிருந்து சிறுசேரிக்குப் போகும் எட்டுப் பேர் தாங்களும் சேரலாமா என்று கேட்டு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசினார்கள். கலைந்த குழுவிலிருந்தும் ஒருவர் திரும்பி வந்தார்.

வேனில் போன முதல் நாளும் மேடவாக்கத்தில் நெரிசல்தான். பதினைந்து கார்கள் குறைந்தது சாலைக்குத் தெரியவே இல்லை. ஜெரூஷா உயரத்திலிருந்து கீழே பார்த்தாள். பக்கத்துக் காரில் ஒரு பெண், ஸ்டீரிங்கில் ஒரு கையும் இட்லி டப்பாவில் ஒரு கையுமாக, தனியாக இருந்தாள். அந்தப் பெண்ணின் அடுக்ககத்தில் எத்தனை பேர் இந்தப் பக்கம் வருகிறார்களோ என்று தோன்றியது. முன்சீட்டில் அருண்ராஜ் ஓட்டுநரிடம், வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே திரும்ப வேறு வழி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.