சென்னையில் நிற்கும் பெட்டி

"இன்னும் ஒரே ஒரு தம். நகர்ந்துடும்," என்றான் சந்தோஷ்குமார்.

ஐந்து ஆண்கள் காரின் பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளினார்கள். ஒருவர் செருப்பு வழுக்கி உட்காரப் பார்த்தார். கார் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. கேட்டுக்கு வெளியே ஃப்ரீசர் பெட்டியோடு வண்டி காத்திருந்தது. அதன் டிரைவர் வேறு இடத்துக்கும் போக வேண்டுமென்று போனில் யாரிடமோ கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிரதிபா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஜெயகிருஷ்ணன் இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே கட்டிலில், தாடையைச் சுற்றித் துணி கட்டிக் கிடந்தார். ஃப்ரீசர் பெட்டி அந்த நடைக்குள் திரும்பாது. கிடத்துவதற்கு வீட்டின் முகப்பை விட்டால் வேறு இடமில்லை. அந்த முகப்பைத்தான் அவர் எட்டு வருடத்துக்கு முன்னால் ஷட்டர் போட்டு மூடி, தரைக்கு டைல்ஸ் பதித்து, காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷினும் வைத்து, காருக்கென்று ஆக்கியிருந்தார். மைசூர் மழைக்கு அந்த மாதிரிக் கார் தாங்காது என்பார். போர்ஷே. பழசுதான், செகண்ட் ஹேண்ட். இருபத்தாறு வருடம் பெங்களூரில் கம்பெனி கம்பெனியாக வேலை பார்த்த மனிதர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள்.

"மனுஷனைக் கிடத்த இடமில்லை. காருக்கு ராஜ மரியாதை," என்றாள் சொர்ணலதா, அவருடைய அக்கா. அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "புள்ளைகுட்டி இல்லாத வீடு. அந்தக் காரைத்தான் புள்ளையா வளர்த்தான்."

சந்தோஷ்குமார் அவளுடைய மகன். கொள்ளி வைக்கப்போவது அவன்தான். கையைத் துடைத்துக்கொண்டு படியருகே வந்தான்.

"அத்தே, அந்த மெக்கானிக் நம்பர் கொடுங்க."

"எதுக்கு? இன்னொரு தடவை தள்ளிப் பாருங்க."

"கியர்ல நிக்குது அத்தே. மாமா என்னென்னவோ மாத்தி வெச்சிருக்கார், உள்ளே உட்கார்ந்தா எதை அமுக்கறதுன்னே தெரியலை. அவர் வந்தாத்தான் ஆகும்."

"வேண்டாம்ப்பா. வேற யாரையாவது கூப்பிடு."

"வேற யாருக்கு இது தெரியும்?"

பிரதிபா போனை எடுத்துக் கொடுத்தாள். மெக்கானிக் மாணிக்கவாசகம் வருவார். வந்தால் வாயைத் திறப்பார். திறந்தால் இத்தனை பேர் நடுவில் அவள் இரண்டு மாதமாகப் புருஷனிடம் பொய் சொன்னது வெளியே வந்துவிடும். செத்துப்போனவர் பக்கத்தில் நின்றுகொண்டு இதையா நினைக்கிறோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய இடது கால்தான் முதலில் சண்டித்தனம் செய்தது. கிளட்சை மிதித்தால் பாதியில் நின்றுவிடும். பெங்களூர் டாக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக நின்றுபோகும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். அதை ஆறுதல் மாதிரி சொன்னதுதான் பிரதிபாவுக்குப் பொறுக்கவில்லை. ஜெயகிருஷ்ணன் திரும்பி வரும் வழியிலேயே மாணிக்கவாசகத்துக்குப் போன் போட்டார். மாணிக்கவாசகம் கைகால் வராதவர்களுக்கு வண்டிகளை மாற்றிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். அவர் கடை மண்டி மொஹல்லாவில், ஆட்டோவே ஒடுங்கிப் போகிற சந்தில் இருந்தது. போர்ஷே அதற்குள் நுழையாது. அவரே கருவிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவார்.

முதலில் கிளட்சைக் காலிலிருந்து கைக்கு மாற்றினார். கியர் குமிழில் ஒரு பட்டன். ஆறு மாதத்தில் வலது காலும் போனது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கம்பி வந்தது. இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். விரல்கள் பிடி விட்டபோது ஸ்டீயரிங்கில் உருண்டையாக ஒரு பிடி வந்தது. நோய் ஒரு அடி வைத்தால் மாணிக்கவாசகமும் ஒரு அடி வைப்பார். நோய்க்குத்தான் அவசரம் அதிகம்.

ஜனவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் அவர் கை அந்தக் கம்பியிலிருந்து நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதிபா எட்டித் தள்ளினாள். டிராக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அதற்குப் பிறகு கார் ஷட்டருக்குள் போனது, அவர் கட்டிலுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை தோறும் மாணிக்கவாசகம் வந்து என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டயர் ஒரே பக்கமாகச் சப்பையாகிவிடாமல் காரைக் கொஞ்சம் உருட்டி வைப்பார். உள்ளே பிரதிபா இரண்டு மணிக்கொரு தடவை கணவரை முதுகுப் புண் வராமல் புரட்டிப் போடுவாள்.

"எனக்கும் டயருக்கும் ஒரே வைத்தியம்," என்பார் ஜெயகிருஷ்ணன். நாக்கு தடித்துப் போயிருந்தது. அவர் பேச்சு அவளுக்கும் மாணிக்கவாசகத்துக்கும் மட்டும்தான் புரியும். "ஆனா டயருக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான். நான் உன்னை ரொம்பப் படுத்தறேன்."

வலது கையில் ஒரே ஒரு விரல் மிச்சமிருந்தது. அந்த ஒற்றை விரலால் அசைக்கிற மாதிரி ஒரு சின்ன நெம்புகோலை, அதற்கான பெட்டியோடு, ஜெர்மனியிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். அதை வைத்து ரோட்டில் ஓட்ட எந்த ஆபீஸிலும் விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஷட்டரிலிருந்து கேட் வரைக்கும் முப்பது அடி. அவ்வளவுதான் கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார் என்று பிரதிபா நம்பியிருந்தால் ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம், அவரைப் புரட்டிப் போடும்போது, "அதை ஒரு தடவை என் கையில கொடு, போதும். அப்புறம் உனக்குத் தொல்லை இருக்காது," என்றார். அவள் நினைப்பு கேட்டைத் தாண்டிப் போனது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுக் கருங்கல் சுவர். என்ன அர்த்தத்தில் சொன்னீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. பெட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று மாணிக்கவாசகம் போன் செய்தபோது, "கடையிலேயே வெச்சிருங்க. சென்னை கஸ்டம்ஸ்ல நிக்குதுன்னு சொல்லுங்க," என்றாள். "மேடம், சார் நாளை எண்ணிட்டிருக்கார்," என்றார் அவர். "எனக்கு அவர் வேணும்," என்றாள். அவர் பெட்டியைக் கடையிலேயே வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் காலையில் முகம் துடைக்கும்போது அவர் கேட்பார். வந்துடுச்சா? இன்னும் இல்லை. அத்தோடு பேச்சு காருக்கோ காபிக்கோ போய்விடும். ஒருநாளும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

இன்று காலை கேட்டார். வெந்நீரில் துணியைப் பிழிந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்லை."

அவர் கண்ணை எடுக்கவில்லை. மூச்சு வாங்கியது. வாங்கி முடித்துவிட்டு மறுபடி கேட்டார்.

"பிரதிபா. வந்துடுச்சா?"

"சென்னையிலதான் நிக்குதாம். நேத்துகூட மாணிக்கவாசகம் சொன்னாரே, இன்னும் பத்து நாளாவது ஆகும்னு."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "சரி," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் தண்ணீரைக் கொட்டப் போனாள். பத்தே முக்காலுக்குக் கஞ்சியோடு வந்தபோது மூச்சு இல்லை.

மாணிக்கவாசகம் அரை மணியில் வந்துவிட்டார். பனியன் மேல் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். யாரிடமும் பேசாமல் நேரே உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். பிரதிபா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜெயகிருஷ்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

ஷட்டருக்குள் என்ஜின் உறுமியது. பத்துப் பேர் தள்ளினாலும் போகாதது, அவர் உட்கார்ந்ததும் பூனைக்குட்டி மாதிரி வெளியே வந்தது. கேட்டைத் தாண்டி வேலியோரமாக நிறுத்தினார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கார் நின்ற இடத்தைக் கழுவலாமென்று வாளியோடு வந்த சொர்ணலதா திரும்பிவிட்டாள். கழுவ ஒன்றுமில்லை. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை.

அங்கேயே ஃப்ரீசர் பெட்டியை வைத்து, அவரைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். வருகிறவர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"கடைசியா ஏதாவது பேசினானாம்மா?" என்று சொர்ணலதாவும் கேட்டாள்.

"சரின்னார்."

"எதுக்குச் சரின்னான்?"

"சும்மாதான்," என்றாள் பிரதிபா.

மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஒன்றரை மணி வாக்கில், காரின் பேப்பரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் எழுந்து வெளியே போனாள். மாணிக்கவாசகம் காரின் மேல் உறையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வெயில் காய்ந்தது.

"மாணிக்கவாசகம், அந்தப் பெட்டி விஷயம் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவரே போயிட்டார். இனிமே பேசி என்ன ஆகப்போகுது."

அவர் கயிற்றை முடிச்சுப் போடுவதை நிறுத்தினார்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் மேடம்."

"என்ன?"

"நேத்து நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க இல்லையா. சார் கேட்டார். ரெண்டு மாசமா அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்றேன். நேத்து என்னால ஆகலை மேடம். வந்துடுச்சு சார், கடையில பத்திரமா இருக்கு, மேடம்தான் பயப்படறாங்கன்னு சொல்லிட்டேன்."

பிரதிபா காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். உறைக்கு அடியில் தகடு சுட்டது.

"கோபப்பட்டாரா?"

"இல்லவே இல்லை. சிரிச்சார். நான்தான் அவளைப் பயமுறுத்திட்டேன்னார். நான் இப்பவே போய் எடுத்துட்டு வர்றேன் சார்னேன். பேடா, வேண்டாம்னுட்டார். நீ சொன்னதா காட்டிக்காதே, நாளைக்குக் காலையில நானே கேட்கறேன், அவளே சொல்லிடுவான்னார். அவ சொன்னப்புறம் எடுத்துட்டு வா, அவளைப் பக்கத்துல உட்கார வெச்சு கேட் வரைக்கும் போயிட்டு வர்றேன்னார்."

அவர் சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில கேட்டாரா மேடம்?"

"கேட்டார்," என்றாள். "ரெண்டு தடவை கேட்டார்."

மாணிக்கவாசகத்தின் முகம் தெளிந்தது. "அப்ப நீங்க சொல்லிட்டீங்க. நிம்மதியாத்தான் போயிருக்கார். நான்தான் உங்களுக்குள்ள மூட்டிவிட்டுட்டேனோன்னு வர்ற வழியெல்லாம் நடுங்கிட்டு வந்தேன்."

அவள் அவரைத் திருத்தவில்லை. நேத்துகூட மாணிக்கவாசகம் சொன்னாரே. அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தாள். அந்தப் பத்து நாளைக் கேட்கவே வேண்டாம், தானாக வந்தது. ஜெயகிருஷ்ணன் இரவெல்லாம் தனக்குள் அதை வைத்துக்கொண்டு விடியக் காத்திருந்திருக்கிறார். ஒரு தடவை கேட்டுப் பொய் வந்தது. போகட்டும் என்று இன்னொரு தடவையும் கேட்டார். அப்புறம் என்ன செய்வார் பாவம். சரி என்றார்.

"அத்தே," என்று சந்தோஷ்குமார் கேட்டருகே நின்று கூப்பிட்டான். "எல்லாரும் வந்தாச்சு. கொஞ்சம் முன்னாடியே எடுத்துடலாமாம்."

உள்ளே பெட்டியைத் திறந்து அவரைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, பாடையில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசிக்கு வரிசை நின்றது. சொர்ணலதா போட்டாள், தங்கை முறையாகிற இரண்டு பேர் போட்டார்கள், எதிர்வீட்டு மல்லம்மா தள்ளி நின்று கும்பிட்டாள். கடைசியாகப் பிரதிபாவின் கையில் யாரோ அரிசியைக் கொடுத்தார்கள். குனிந்து போட்டாள். பாதி கழுத்தில் விழுந்தது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"போதும்மா, எழுந்திரு," என்றாள் சொர்ணலதா.

அவள் எழுந்திருக்கவில்லை. அவருடைய வலது காதில் வைத்திருந்த பஞ்சை இரண்டு விரலால் பிடித்து உருவினாள்.

"ஐயோ, அதை எடுக்கக் கூடாதும்மா."

பிரதிபா காதருகே வாயைக் கொண்டுபோனாள். காது ஜில்லென்று இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"வந்துடுச்சு," என்றாள்.

சங்கு ஊதுகிறவன் யாருக்கோ தலையாட்டினான்.

"என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்லை அக்கா."

அவளைப் பிடித்து விலக்கினார்கள். நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். முப்பது அடி போய், கேட்டருகே தலை மாற்றித் திருப்புவதற்காக ஒருமுறை நின்றார்கள். பஞ்சு அவள் கையிலேயே இருந்தது. அவர் முகம் இந்தப் பக்கமாகச் சரிந்திருந்தது. சந்தோஷ்குமார் அதை நேராக்கிவிட்டு முன்னால் போனான். வெயில் அந்தக் காதுக்குள் விழுந்தது.