ராக்கம்மாள் வைத்தபடி

பெண்டாட்டி ராக்கம்மாள் காலராவில் போன பிறகு, பழனிசெட்டிபட்டி வீட்டில் ஒரு சாமானை நகர்த்தவும் மொக்கைச்சாமிக்கு மனம் வரவில்லை. அடுப்புக்கு வலப்பக்கம் அவள் வைத்த உப்புச்சாடி, சுவரையொட்டி அவள் போட்ட அம்மி, எல்லாம் அப்படியே இருந்தன. வயலிலிருந்து வந்து அவற்றைப் பார்த்த பிறகுதான் அவர் நெஞ்சு அடங்கும்.

சொந்தக்காரர்கள் விடவில்லை. உலகச் சண்டைக் காலத்தில் காமயகவுண்டன்பட்டி இருளம்மாளை அவருக்குக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு நொட்டாங்கைப் பழக்கம், எல்லாவற்றுக்கும் இடது கைதான். வந்த வாரமே சாடியை இடப்பக்கம் மாற்றினாள். சாப்பிட உட்கார்ந்த மொக்கைச்சாமி எழுந்துபோய் அதைப் பழைய இடத்தில் வைத்தார்.

"கைக்கு எட்ட மாட்டேங்குதுங்க" என்றாள்.

"அது அங்கனயே இருக்கட்டும் புள்ள. பழகிரும்."

கோபமாகச் சொல்லவில்லை, அவளிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அம்மியைத் திருப்பிப் போடக் கேட்டாள். அதற்கும் பழகிரும் என்றார். பூண்டைத் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். ராக்கு அரைத்துத்தான் ஊற்றுவாள் என்றார். ஒருநாள் கொதிக்கும் உலைக்கு மேலே கையை நீட்டி உப்பெடுத்தவளுக்கு முழங்கைவரை வெந்துபோனது. அவரே கற்றாழை தடவிவிட்டார். சாடியை மட்டும் நகர்த்தவில்லை.

இருளம்மாளின் அண்ணன் நல்லகண்ணு வந்து அவளைக் கூட்டிப்போனான். புண் ஆறியும் அவள் திரும்பவில்லை.

மொக்கைச்சாமி காமயகவுண்டன்பட்டிக்கு பஸ் ஏறிப் போனார். அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. தன் வீட்டில் அவள் சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வாங்க மச்சான்" என்று நல்லகண்ணு கட்டிலைப் போட்டான். இருளம்மாள் மோரைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"வீட்டுக்கு வா புள்ள. எல்லாத்தையும் உன் இஷ்டத்துக்கு மாத்திக்க."

"மாத்துனா உங்களுக்குத் தூக்கம் வராதுங்க. நான் பாத்திருக்கேன்ல. அக்கா வீடு அக்காவுக்கே இருக்கட்டும். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தார். பிறகு மோரைக் குடித்துவிட்டுத் தனியாக பஸ் ஏறினார்.

ஊர்க்கூட்டத்தில் பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். அடுத்த தையில் அவளைக் கம்பத்தில் வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்துத் தேனிச் சந்தையில் அவளைப் பார்த்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"நல்லாருக்கீகளா? இப்பிடி இளைச்சுப் போயிட்டீகளே."

"இருக்கேன்."

அவள் புருஷன் வண்டியிலிருந்து கூப்பிட்டான். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரே வீட்டில் இருந்தும், உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாள்கூட அவர் அவளிடம் கேட்டதில்லை. குழந்தையின் பேரையாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியபோது வண்டி கம்பம் ரோட்டில் திரும்பியிருந்தது.