தாவீதின் பாஸ்போர்ட்

ஒரகடத்துக்கு அப்பால், ஏரிக்கரை முடிகிற இடத்தில் ஒரு பழைய கல்லறை இருக்கிறது. அதில் படுத்திருப்பவர் கடல் கடந்து வந்த சாமியார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். முஸ்லிம்கள் அவுலியா என்பார்கள். ஊரைவிட்டுப் போனவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவார் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது. தலைமாட்டில் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் பக்கத்தில் பக்கத்தில் எரியும்.

அன்னமேரியும் ஜமீலாவும் ஐந்து மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போய்வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. அன்னமேரியின் கணவன் தாவீதும் ஜமீலாவின் கணவன் உசேனும் ஒரே பட்டறையில் வெல்டிங் பழகி, ஒரே ஏஜெண்ட் மூலம் குவைத்துக்குப் போனவர்கள். தொண்ணூறு ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே புகுந்ததோடு கடிதம் நின்றுபோனது. எத்தனையோ பேர் ஜோர்டான் வழியாக விமானம் ஏறித் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய தண்டலத்து மோகன்ராஜைப் போய்க் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே லாரியில் எல்லைப்பக்கம் போனதைப் பார்த்தேன் என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் நடுவில் ஜமீலாவுக்குப் பம்பாயிலிருந்து கனமான கவர் ஒன்று வந்தது. உசேன் எழுதியிருந்தான். செப்டம்பரிலேயே வந்து இறங்கிவிட்டானாம். எல்லையில், பாலைவனக் கூடாரத்தில், தாவீதுக்கு வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்க முடியவில்லை. விமானத்துக்குப் போகிற லாரியில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று தாவீதிடம் சொல்லிவிட்டு இவன் ஏறிவிட்டான். இருவருடைய பாஸ்போர்ட்டும் தன் பையில் இருப்பது லாரி கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். அன்னமேரி முகத்தில் விழிக்க முடியாது, ஊருக்கு வரமாட்டேன் என்று முடித்திருந்தான். கவருக்குள் தாவீதின் பாஸ்போர்ட் இருந்தது.

ஜமீலா அதை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். கிறிஸ்துமஸ் கழியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு பொங்கல் கழியட்டும் என்று நினைத்தாள். அதற்குள் நான்கு வெள்ளிக்கிழமைகள் போயின. நான்கிலும் அவள் அன்னமேரியின் பக்கத்தில் கையேந்தி உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி பதினேழாம் தேதி ரேடியோவில் பாக்தாத்தில் குண்டு விழுகிறது என்றார்கள். மறுநாள் வெள்ளி. அன்னமேரி கல்லறையில் நெற்றியை வைத்து, வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

"ரெண்டு பேரையும் கொண்ணாந்து சேத்துடு. ஒருத்தரைத்தான் முடியும்னா உசேன் தம்பிய மொதல்ல அனுப்பு. ஜமீலா சின்னப் பொண்ணு."

ஜமீலாவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அன்னமேரியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அன்று எதற்கோ அந்தக் கவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

பாஸ்போர்ட்டில் தாவீதின் படத்தைப் பார்த்ததும் அன்னமேரியின் முகம் மலர்ந்தது. "வந்துட்டாரா? எங்க கீறாரு?" என்று தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜமீலா கடிதத்தைப் பிரித்து நீட்டினாள். அன்னமேரி நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தை மறுபடியும் படித்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"டிசம்பர்லக்கா."

 அன்னமேரி கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

திங்கட்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். கூப்பிடாமலே ஜமீலாவும் பின்னால் போனாள். வெளிநாட்டில் காணாமல்போனவர்களின் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா பாண்டுரங்கன் நல்ல மனிதர். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள் என்று கேட்டார்.

"போன மாசம் இந்த நம்பர் கெடச்சிருந்தா டெல்லிக்குத் தந்தி அடிச்சிருப்பேம்மா. அங்க தேடிப் பாக்க அப்ப ஆள் இருந்தாங்க. இப்ப யாரும் இல்ல."

நம்பரைக் குறித்துக்கொண்டார். அன்னமேரி வெளியே வந்தாள். வராந்தாவில் நின்ற ஜமீலாவை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"உசேன் தம்பி பண்ணது பயத்துல. நீ என் பக்கத்துலயே குந்திகினு இருந்தியே ஜமீலா."

பிப்ரவரி கடைசியில் சண்டை நின்றது. எந்தப் பட்டியலிலும் தாவீதின் பெயர் வரவில்லை. மார்ச்சில் அன்னமேரி வீட்டைக் காலி செய்துவிட்டு, மகள் ஷாரோனைக் கூட்டிக்கொண்டு குன்றத்தூரில் தங்கை வீட்டுக்குப் போனாள். சாமான் ஏற்றும்போது ஜமீலா உதவிக்கு வந்தாள். அன்னமேரி அவள் கையிலிருந்த பாத்திரக்கூடையை வாங்கித் தானே வண்டியில் ஏற்றினாள்.

ஏப்ரலில் உசேனிடமிருந்து மறுபடி கடிதம். எதிர்வீடு காலியானது யார் மூலமாகவோ தெரிந்திருக்கிறது. இப்போது வரலாமா என்று கேட்டிருந்தான். ஜமீலா தபாலாபீசுக்குப் போய் இன்லண்ட் லெட்டர் வாங்கிவந்தாள். பம்பாய் விலாசத்தை எழுதினாள். வா என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை. வெளியில் விலாசமும் உள்ளே வெறும் தாளுமாக அது பல மாதம் அலமாரியிலேயே கிடந்தது.